கார் தொய்ந்தது உன்னால் இல்லை

தம்பி,

கல்யாண அட்டையில் அப்பா பெயரைப் போடத்தான் வேண்டுமா என்று போன வாரம் போனில் கேட்டாய். "குக்கர் விசில் அடிக்குதுப்பா, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. போனைக் கையில் பிடித்தபடி கார் போர்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே உன் அப்பா காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, கழல மறுத்த ஏதோ ஒரு போல்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். நீ "சொல்லுங்க மா" என்றதும் என் வாய் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சுற்றிச் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொண்டு படி.

நீ கல்யாணத் தேதியைச் சொன்ன மறுநாள் காலையிலேயே உன் அப்பா காரின் மேல் கிடந்த கேன்வாஸை உரித்தார். ஆறு வருஷமாகத் தொடாத கார். "மாப்பிள்ளை இந்தக் கார்லதான் மண்டபத்துக்குப் போகணும்லா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். உன்னிடம் பேசுவதில்லை, ஆனால் உன் கல்யாணத்துக்குக் கார் தயார் செய்வாராம்! அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் படும் பாடு உனக்குத் தெரியாது. என் இட்லிச் சட்டியில் நட்டும் போல்ட்டும் வினிகரில் ஊறுகின்றன. துரு நீக்கும் திராவகத்தைத் தரையில் வைத்திருந்தார்; நான் தெரியாமல் தட்டிவிட்டேன், இடுப்பில் கட்டியிருந்த சாரோங் ஓட்டை ஓட்டையாகப் போய்விட்டது. துருத்தூள் சோற்றில், தலையணையில், சாமி விளக்கில். எங்கிருந்தோ வரவழைத்த கதவுக் கீல் வலது பக்கத்தது. இவருக்கு வேண்டியது இடது பக்கத்தது. அதைத் திருப்பி அனுப்பி வேறொன்று வருவதற்குள், பழைய கீலின் போல்ட் தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒன்றைச் சரி செய்தால் இரண்டு உடைகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்பேனரைத் தரையில் வீசுவார். நான் பொறுக்கிக் கொடுப்பேன். இத்தனைக்கும் அந்தக் கோபத்தில் பாதி காரின் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கார் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். தாப்பாவுக்கு வெளியே, ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வைத்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், இடிந்த கொட்டகைக்குள் அதைக் கண்டுபிடித்தார். மோரிஸ் மைனர், அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கார். தரைத்தகடு வழியாக ஒரு செடி முளைத்து சன்னல் வரைக்கும் வந்திருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு குனோங் ராபாட்டுக்கு வந்து நம் வீட்டுப் போர்ச்சில் இறக்கியபோது நான் அழாத குறை. "இந்தக் குப்பையை எதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முப்பது வருஷமா பஸ்ல மத்தவங்களை மலைக்கு ஏத்தி இறக்கிட்டேன். இது எனக்கு." கேமரன் மலைக்குப் பஸ் ஓட்டியே முட்டி தேய்ந்த மனுஷன், தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் வந்த எட்டு மாதம்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த காலம். அவருக்கு எஞ்சின் சத்தம் தெரியும், இரும்பு வேலை தெரியாது. நீ போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் இரண்டு பக்கமும் துருவால் பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. அதுதான் காரின் முதுகெலும்பு என்று நீ எனக்கு விளக்கினாய். அதை வெட்டி எடுத்துவிட்டால் நடுவில் தாங்க ஒன்றுமில்லாமல் உடம்பே தொய்ந்துவிடும், அதனால் வெட்டும் முன்பு கட்டை கொடுக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு தடித்த மரக்கட்டைகளை அடியில் நிறுத்தினாய். சுற்றிலும் சிவப்பு பிரைமர் அடித்தாய். நாடாவால் அளந்தாய், சாக்கட்டியால் கோடு போட்டாய், பிறகுதான் வெட்டினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பையன் கை நேராப் போகுது" என்று உன் அப்பா என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை. அவரிடம் எனக்கு இருக்கும் தீராத ஆற்றாமை இதுதான். நல்லதை எல்லாம் என்னிடம் சொல்வார், கெட்டதை எல்லாம் உன்னிடம் சொல்வார்.

அதில் எனக்கும் பங்கு உண்டு. நீ சின்னவனாக இருந்தபோது உன்னை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி "அப்பா வரட்டும்" என்பதுதான். அவர் பஸ்ஸை விட்டு அசந்து போய் வருவார். வாசலிலேயே நான் உன் குற்றப்பட்டியலை வாசிப்பேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உன்னைத் திட்டியாக வேண்டும். அவரை உனக்குப் போலீஸ்காரராக ஆக்கியவள் நான். அப்புறம் நீ பயந்து நடுங்குவதைப் பார்க்க மனம் கேட்காமல் நானே உனக்காகப் பொய்யும் சொல்வேன். அவருடைய மோட்டார் சைக்கிளை நீ கீழே போட்டு விளக்கை உடைத்த அன்று, மலையிலிருந்து குரங்கு இறங்கி வந்து தள்ளிவிட்டது என்று சொன்னேனே! அவர் ஒரு வாரம் கவணை வைத்துக்கொண்டு குரங்குக்காகக் காத்திருந்தார். நீயும் நானும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மா நமக்காகப் பொய் சொல்வாள் என்று அன்றைக்கு நீ நம்பினாய். உனக்கு எதிராகவும் சொல்வாள் என்று நீ எப்படி நினைத்திருப்பாய்?

இப்போது சொல்கிறேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. உன் அப்பா கூட வேலை பார்த்த ஒருவரின் இறுதிச் சடங்குக்குத் தாப்பா போயிருந்தார். நீ வேலைக்குப் போயிருந்தாய். நம் வீட்டு வரிசையில் டெங்கிச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். காருக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். கட்டைக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கி அதில் புழு நெளிந்தது. துடைப்பம் அங்கே போகவில்லை. இடது பக்கத்துக் கட்டை வழியை மறித்தது. நீங்கள் இருவரும் ஜாக்கியை வைத்துத் தூக்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நானும் வைத்துத் தூக்கினேன். ஒரு நூல் அளவு தூக்கியதும் கட்டை தளர்ந்தது. உருவினேன். துடைத்தேன், கழுவினேன், பெரிய வேலை செய்துவிட்ட பெருமையோடு நிமிர்ந்தேன். அப்போது ஜாக்கி மெதுவாக இறங்கியது. பழைய இரும்புக் கட்டில் முனகுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். உடையவில்லை, விழவில்லை. பதறிப்போய் மறுபடியும் தூக்கிக் கட்டையை உள்ளே தள்ளினேன். அது பழைய இடத்துக்குப் போகவில்லை. போன இடத்தில் விட்டேன். எழுந்து நின்று பார்த்தால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குளித்துவிட்டு முறுக்குக்கு மாவு பிசையப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவர் இடது கதவை மாட்டிப் பார்த்தார். மூடவில்லை. மேலே இடித்தது, கீழே இரண்டு விரல் இடைவெளி. அதற்குப் பிறகு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் சிநேகிதர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், பக்கத்து வீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். "அளந்துதான் பா வெட்டினேன்" என்றாய். "அளந்தவன் வெட்டின லட்சணமா இது? உனக்குக் கையும் ஆகாது, கண்ணும் ஆகாது. நீ தொட்டது எதுடா உருப்பட்டுச்சு? படிப்பு உருப்பட்டுச்சா, வேலை உருப்பட்டுச்சா?" என்றார். காரில் ஆரம்பித்து உன் பிறப்பு வரைக்கும் போய்விட்டார். நீ கையுறையைக் கழற்றி பானட்டின் மேல் வைத்தாய். சமையலறைக்கு வந்தாய். மெதுவாகக் கேட்டாய். "மா, நேத்து யாராச்சும் அந்தக் கட்டையைத் தொட்டீங்களா?"

நான் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பவே இல்லை. "எனக்கு என்னாடா தெரியும் இரும்பைப் பத்தி" என்றேன்.

இதைத்தான் தம்பி, ஆறு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நாளைக்குக் கோபம் அடங்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்குத் தீபாவளி வேலை. அடுத்த நாள் விருந்தாளி. அடுத்த மாதம் நீ ஜோகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டிவிட்டாய். வேலைக்குத்தானே போகிறான், அப்பா மேல் கோபித்துக்கொண்டா போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வந்தால் அவர் வெளியே போவார். அவர் வந்தால் நீ கிளம்புவாய். "அவன் எப்போ வாரானாம்?" என்று அவர் என்னிடம் கேட்பார். "அப்பாவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று நீ என்னிடம் கேட்பாய். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக ஓடினேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு தபாலை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உங்கள் இருவர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு கதவு மூடவில்லை என்பதற்காகவா இரண்டு ஆண்பிள்ளைகள் ஆறு வருஷம் முறைத்துக்கொண்டு இருப்பது என்று. குற்றம் செய்தவளுக்கு எரிச்சல் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

போன மாதம் அவர் தனியாக முடியாமல், புது அடிச்சட்டத்தை ஒட்டவைக்க ஆ கியோங் என்ற சீன வெல்டரைக் கூட்டிவந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். காருக்கு அடியில் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்து மலாயில் கேட்டார், சட்டத்தை வெட்டியது யார் என்று. "என் பையன்" என்றார் உன் அப்பா, வேண்டாவெறுப்பாக. ஆ கியோங் கட்டைவிரலை உயர்த்தினார். முப்பது வருஷம் வெல்டிங் செய்கிற தன்னால்கூட இவ்வளவு நேராக வெட்ட முடியாது என்றார். உன் அப்பா, "அப்படின்னா ஏன் தொய்ஞ்சுது?" என்றார். அந்த மனுஷன் அவரைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து அடியில் காட்டினார். சிவப்பு பிரைமருக்கு நடுவில் சாயம் படாத ஒரு சதுரம் இருந்தது. கட்டை முதலில் நின்ற இடம் அது. இப்போது கட்டை நிற்பது அங்கிருந்து நாலு விரல் தள்ளி. யாரோ எடுத்திருக்கிறார்கள், மறுபடி வைக்கத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்றார்.

நான் கோப்பியும் பிஸ்கட்டும் வைத்த தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். உன் அப்பா அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கோப்பி ஆறிடும்" என்றேன். இரண்டாவது தடவையும் தப்பித்தேன். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. பழைய டிக்கெட் புத்தகத்தைத் தேடுகிறவர் மாதிரி வீட்டுக்குள் அறை அறையாக நடந்தார். யார் எடுத்திருப்பார்கள் என்று என்னைக் கேட்கவே இல்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னுடைய பிள்ளையைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. மனைவியைச் சந்தேகிக்க ஆறு வருஷமும் போதவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. அவர் காருக்கு அடியில் இருந்தார், கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் காலிடம்தான் சொன்னேன். "ஏங்க, கட்டையை எடுத்தது நான்தான். தம்பி கேட்டான், இல்லைன்னு சொல்லிட்டேன்." ஸ்பேனர் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு டிவி கேட்டது. அடியிலிருந்தே, "எதுக்கு எடுத்தே?" என்றார். "புழு இருந்துச்சு" என்றேன். எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினார், சட்டையைப் போட்டார், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்தார். இரண்டு நாள் தெருமுனையில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டார். நான் சமைத்தது அப்படியே இருந்தது.

முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவரை மறித்துக் கேட்டேன். "கட்டையை எடுத்தது நான். சரி. ஒத்துக்கிறேன். பாவம் எனக்கு. ஆனா நீ தொட்டது எதுடா உருப்பட்டுச்சுன்னு அவனைக் கேட்டது யாரு? அதையும் நானா சொன்னேன்? நெசமாவே அவன் தப்பா வெட்டியிருந்தாலும் அப்படிச் சொல்லலாமா?" கத்திவிட்டேன் தம்பி. கல்யாணம் ஆகி முப்பத்து மூன்று வருஷத்தில் நான் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டில் மறுபடியும் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர் ஒரு கால் செருப்போடு நின்றார். "பேச்சு என்னோடதுதான்" என்றார். "அதைச் சரி பண்ண எனக்குத் தெரியலே. அதான் காரைப் பண்ணிக்கிட்டு இருக்கேன்." உள்ளே போய்ச் சோறு போடச் சொன்னார்.

இதை நான் எழுதுவது அவருக்காக உன்னிடம் வக்காலத்து வாங்க இல்லை. எனக்கு இன்னும் அவர் மேல் கோபம் ஆறவில்லை. என் மேல் உனக்குக் கோபம் ஆறக் கூடாது என்றுகூடத் தோன்றுகிறது. உன்னுடைய ஆறு வருஷத்தை எடுத்தவள் நான். நீ ஜோகூரில் வாடகை அறையில் காய்ச்சலோடு கிடந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவித்தாயே, அதற்கும் நான்தான் காரணம். மன்னித்துவிடு என்று எழுதினால் அது எனக்கு வசதி. அதனால் எழுதவில்லை. திட்ட வேண்டும் என்றால் கூப்பிட்டுத் திட்டு. இனிமேல் குக்கர் விசில் அடிக்காது. திவ்யாவோடு நீ வாழப் போகிறாய். உங்கள் வீட்டில் யார் எதை உடைத்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் சொல்வது ரொம்பக் கஷ்டம், அதற்கடுத்த நாள் முடியவே முடியாது. செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

கார் கல்யாணத்துக்குத் தயாராகாது. ஆ கியோங் சொல்லிவிட்டார். தொய்ந்த உடம்பை நிமிர்த்த இன்னும் பல மாதம் ஆகுமாம், நிமிர்ந்தாலும் முழுசாக நிமிருமா என்று தெரியாதாம். கேட்டதும் இவர் ஸ்பேனரை வீசுவார் என்று நினைத்தேன், வீசவில்லை. நேற்று திடீரென்று என்னிடம் வந்து, "அவன் ஜோகூர்ல எங்க இருக்கான், எழுதிக் குடு" என்றார். ஆறு வருஷமாகியும் தன் பிள்ளையின் முகவரி அவருக்குத் தெரியாது! நாளைக் காலைப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம். "போன் பண்ணிட்டுப் போங்களேன்" என்றேன். "போன்ல வராதுலா எனக்கு" என்றார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். முகவரி எழுதக் கையில் கிடைத்தது ஓர் உறை. எழுதி முடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாமல் வெறுமையாக இருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

அட்டையில் யார் பெயரைப் போடுவது என்பதை நீயும் திவ்யாவும் முடிவு செய்யுங்கள். உண்மை தெரியாமல் நீ முடிவு செய்யக் கூடாது என்பதுதான் எனக்கு. போடாவிட்டால் நான் கேட்க மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். அங்கே வந்தும் அவர் அழகாக ஒன்றும் பேசிவிடப் போவதில்லை. "அம்மா குடுக்கச் சொன்னா" என்று இந்த உறையை உன் கையில் கொடுப்பார். பஸ் எங்கே எங்கே நின்றது, டிரைவர் எப்படி ஓட்டினான் என்று குறை சொல்வார். அதற்கு மேல் அவருக்கு வராது. வர வைக்க நானும் பார்த்துவிட்டேன், என்னால் ஆகவில்லை. நீ உறையைப் பிரித்ததும் படிக்க ஆரம்பித்திருப்பாய், எனக்குத் தெரியும். இவ்வளவு நேரமும் அவர் உன் வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கிறார். உள்ளே வாங்க என்று நீ சொல்லாமல் வர மாட்டார். முட்டி வலிக்காரர் தம்பி. உட்காரச் சொல்.

அம்மா